கல்யாணம் பதிவாகவில்லை என்றால் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கிடையாதா?

கேள்வி: ஆறு வருடத்துக்கு முன் திருவந்திபுரத்தில் நண்பர்கள் முன்னிலையில் அவர் எனக்குத் தாலி கட்டினார். பதிவு செய்யவில்லை. அரியாங்குப்பத்தில் வாடகை வீட்டில் குடும்பம் நடத்தினோம். மகனுக்கு நாலு வயது. எட்டு மாதமாகப் பிரிந்து கடலூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். புதுச்சேரியில் கம்பெனி வேலையில் இருக்கும் அவர் ஒரு பைசா தருவதில்லை. கேட்டால், "பதிவே ஆகலை, சும்மா சேர்ந்துதானே இருந்தோம்" என்கிறார். இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு, 'எனக்கும் பிள்ளைக்கும் எந்த உரிமையும் இல்லை' என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? விவாகரத்து வாங்க வேண்டுமா?
— வாசகி, கடலூர்

பதில்: தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. பிள்ளையின் ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கே அதிகாரம் இல்லை. அப்படி எழுதி வாங்கினாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்களைக் கட்டிப்போடும். இப்படிப்பட்ட பத்திரங்களில் 'நாங்கள் கணவன் மனைவியாக வாழவில்லை' என்று ஒரு வரி நடுவில் நுழைந்திருக்கும். நாளைக்குக் கோர்ட்டில் அந்த ஒரு வரியைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள்.

பதிவு ஆகாததால் கல்யாணமே இல்லை என்பது தவறு. நீங்கள் இருவரும் இந்துக்கள் என்றால், தமிழ்நாட்டில் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் தாலி கட்டினாலோ மாலை மாற்றினாலோ, இந்து திருமணச் சட்டம் 7-ஏ பிரிவின்படி அது திருமணம்தான். 1967-இல் நம் மாநிலம் சேர்த்த பிரிவு அது. பதிவு செய்யாதது திருமணத்தின் செல்லுபடியைப் பாதிக்காது என்று 8-ஆம் பிரிவே சொல்கிறது. அன்று உடனிருந்த நண்பர்களில் இருவராவது சாட்சி சொல்ல வருவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கல்யாணம் கோயிலில் நடந்து, கட்டணம் கட்டியிருந்தால் ரசீதின் நகலுக்கு மனு கொடுங்கள். (அவர் குடும்பம் புதுச்சேரியில் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பமா என்று விசாரியுங்கள். அவர்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. வக்கீலிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.)

ஒருவேளை திருமணத்தை நிரூபிக்க முடியாமல் போனாலும் மகனுக்குப் பாதிப்பில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு இருந்த பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. திருமணத்தில் பிறந்ததா, வெளியே பிறந்ததா என்ற பேதம் குழந்தைக்கு அதில் இல்லை, மதமும் பார்ப்பதில்லை. 'என் பிள்ளையே இல்லை' என்று அவர் மறுத்தால் டிஎன்ஏ பரிசோதனை கேட்கலாம். கோர்ட் உத்தரவிட்ட பிறகும் அவர் வர மறுத்தால், அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியும்.

உங்களுக்கு? 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணம் போன்ற உறவை'யும் ஏற்கிறது. பணம் தராமல் தவிக்கவிடுவதும் அதில் வன்முறைதான். இருவரும் திருமண வயது நிரம்பியவர்கள், வேறு துணை இல்லாதவர்கள், ஊரறியக் கணவன் மனைவியாகக் கணிசமான காலம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் என்று காட்ட வேண்டும். 2010-இல் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இது. ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம், மகனின் பிறப்புச் சான்றிதழ், பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் 'கணவர்' என்று அவர் போட்ட கையெழுத்து எல்லாம் உதவும். அவருடைய ஈ.எஸ்.ஐ. பதிவில் மனைவி என்று உங்கள் பெயர் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. வாட்ஸ்அப் செய்திகள் உள்ள போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள்.

எந்த ஊர் கோர்ட் என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். 144-ஆம் பிரிவு மனுவைக் குடும்ப நல நீதிமன்றத்தில் போட வேண்டும். கடலூரில் போட்டால், 'இவள் என் மனைவியே இல்லை, இங்கே வழக்கு செல்லாது' என்று அவர் ஆட்சேபம் கிளப்பிப் பல மாதம் இழுக்கலாம். அவர் இருப்பதும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்ததும் புதுச்சேரி என்பதால் அங்கே அந்தப் பேச்சு எடுபடாது. குடும்ப வன்முறைச் சட்ட மனுவை நீங்கள் இப்போது இருக்கும் கடலூரிலேயே நடுவர் நீதிமன்றத்தில் போடலாம். பிள்ளைக்கான தொகையையும் அதிலேயே கேட்கலாம். அந்த உத்தரவு நாடு முழுக்கச் செல்லும். சம்பளத்தில் பிடித்து நேரே உங்களுக்கு அனுப்பும்படி அவர் கம்பெனிக்கே உத்தரவிட இந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. உங்கள் நிலையில் நான் முதலில் தட்டச் சொல்வது இந்தக் கதவைத்தான்.

மாவட்டச் சமூக நல அலுவலகம் மூலம், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உதவும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். சம்பவ அறிக்கை தயாரித்துத் தருவார். கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம்; பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி 15100. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், ஆனால் மாதாமாதம் பணம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட போலீசுக்கு அதிகாரமில்லை. கவுன்சலிங் என்று மாதக்கணக்கில் அலையாதீர்கள். 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கின் தீர்ப்புப்படி, ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். போடாமல் தள்ளும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நஷ்டம்.

மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்தே போடுங்கள். அதே தீர்ப்புப்படி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். 'மாதம் பத்தாயிரம் ஆகிறது' என்று மொத்தமாக எழுதினால் எடுபடாது. பால், மருந்து, பள்ளிக் கட்டணம், வேன், வாடகையில் பிள்ளையின் பங்கு என்று பிரித்து, ரசீது இணையுங்கள். உங்களுக்குச் சிறு வருமானம் இருந்தால் மறைக்காதீர்கள். அது வெளியே வந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து தேவையில்லை. திருமணம் நிரூபணமானால், கோர்ட்டில் விவாகரத்து ஆகாமல் அவர் இன்னொரு பெண்ணைக் கட்டுவது குற்றம். அவர்கள் கேட்கும் கையெழுத்தின் அவசரம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

144-ஆம் பிரிவில் உத்தரவு வாங்கிய பின் அவர் பணம் கட்டத் தவறினால், பாக்கி சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டால்தான் வாரண்ட் பிறப்பிப்பார்கள். அவர் சிறைக்குப் போய்வந்தாலும் அந்தப் பாக்கி தீராது.