கிரைஸ்லர் கட்டடம்: 80 கோடி டாலர் 15 கோடி ஆன கதை

ஒரே கட்டடத்துக்கு இவ்வளவு வித்தியாசமான இரண்டு விலையைப் படித்தால், ஏதோ ஒரு செய்தியில் பூஜ்யம் விடுபட்டதோ என்று தோன்றும்; அப்படி எதுவும் விடுபடவில்லை. நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் 2008-ல் 80 கோடி டாலருக்கும் 2019-ல் சுமார் 15 கோடிக்கும் கைமாறியதாக வந்த இரண்டு செய்தியுமே சரிதான்.

காரணம் மனை. கட்டடம் நிற்கும் நிலம் கூப்பர் யூனியன் என்ற கல்லூரிக்குச் சொந்தம். வால்டர் கிரைஸ்லர் 1930-ல் கட்டி முடித்ததே குத்தகை மண்ணில்தான் (பணமும் அவருடைய சொந்தப் பணம், கார் கம்பெனிப் பணம் அல்ல). அதன்பின் வந்த முதலாளிகள் எல்லாரும் வாங்கியது அந்தக் குத்தகை உரிமையைத்தான். ஆண்டுக்கு 77.5 லட்சம் டாலராக இருந்த மனை வாடகை 2018-ல் 3.25 கோடிக்கு எகிறியது. அவ்வளவு வாடகையைத் தலையில் கட்டிக்கொண்டு யார் பழைய விலை கொடுப்பார்கள்?

சந்தேகமிருந்தால் நியூயார்க் நகரின் 'ஏக்ரிஸ்' ஆவணத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பத்திரம் கிரயமா, குத்தகை மாற்றமா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும்: 2008-ல் அபுதாபி முதலீட்டுக் கவுன்சில் வாங்கியது 90 சதவீதப் பங்கைத்தான். அதனால் இரண்டு தொகையையும் நேருக்கு நேர் கழித்து நஷ்டக் கணக்குப் போடாதீர்கள்.