ஏபெக்ஸிலிருந்து கண்ணை எப்போது எடுப்பது?

வணக்கம் சார்,

திருமங்கலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். போன மாதம் ஒரு நாள் ரேஸ் டிராக் பயிற்சிக்குப் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பயிற்சியாளர் ஒவ்வொரு வளைவிலும் "தூரமாப் பாருங்க" என்றார். அப்படிப் பார்த்தால் ஏபெக்ஸை, அதாவது வளைவின் உள் ஓரத்தை வண்டி ஒட்டிப் போக வேண்டிய இடத்தை, ஒரு ஆள் அகலத்துக்கு விட்டு விலகிப் போனேன். ஏபெக்ஸையே பார்த்தால் வளைவு முடியும்போது வண்டி வெளி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. உண்மையில் எங்கேதான் பார்க்க வேண்டும்? என்னிடம் ஓட்டக் கற்ற இரண்டு பையன்கள் அடுத்த முறை கோவை கரி டிராக்குக்கு வருகிறார்கள். அதில் ஒருவன் கண்ணாடி போடுபவன். அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான். எங்கே பார்ப்பது என்பதை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அங்கிருந்து கண்ணை எப்போது எடுப்பது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் பயிற்சியாளரின் வேலையில் பெரும்பாதி இதுதான்.

பிரேக் பிடிக்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். வண்டி அங்கே போய்ச் சேருவதற்குள் கண் ஏபெக்ஸுக்குப் போய்விட வேண்டும். வண்டி அதைத் தொட்டுவிடும் என்று தெரிந்ததுமே, தொடும்வரை காத்திருக்காமல், வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. அரை நொடி கூடுதலாக ஏபெக்ஸிலேயே கண்ணை வைத்திருந்தால் 14 மீட்டர் போய்விட்டது. அப்புறம் எதையும் திருத்த நேரமில்லை. வண்டி வெளியே தள்ளுகிறது. "தூரமா" என்றதும் நீங்கள் செய்தது இதற்கு நேர்மாறு. ஏபெக்ஸைப் பார்க்காமலே தாண்டிவிட்டீர்கள்.

கண்ணை எடுத்தால் ஏபெக்ஸ் தவறிவிடுமே என்று மாணவர்கள் பயப்படுவார்கள். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய அந்த அகலத்தைத்தான், சுமார் 2 டிகிரி, நம் கண் கூர்மையாகப் பார்க்கிறது. ஆனால் சுற்றியுள்ள பகுதி அசைவை நன்றாகவே பிடிக்கும். ஒருமுறை பார்த்துவிட்ட உள் ஓரம் கடைக்கண்ணில் கூடவே வரும். இதை நம்ப வைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிரிட்டனில் மைக்கேல் லேண்டும் டேவிட் லீயும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஓட்டுநர்களே வளைவில் நுழைவதற்கு 1 முதல் 2 நொடி முன்பே உள் ஓரத்தைப் பார்ப்பதைக் காட்டினார்கள். 2001இல் லேண்டும் பென் டாட்லரும் ஒரு ரேஸ் ஓட்டுநரை மல்லரி பார்க் டிராக்கில் ஆராய்ந்தார்கள். அவருடைய தலை திரும்பும் அளவை வைத்தே, ஒரு நொடி கழித்து வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று சொல்ல முடிந்தது.

நமக்கு இது பெரிய உதவி. ஹெல்மெட்டுக்குள் மாணவரின் கண் எங்கே போகிறது என்று தெரியாது, ஆனால் தாடை திரும்புவது தெரியும். வண்டி திரும்பிய பிறகு தாடை திரும்பினால் அவர் தாமதமாகப் பார்க்கிறார். கூர்மையான வலது வளைவில் முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூணைத் தாண்டி, பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். இடது வளைவில் அவர் பார்க்க வேண்டிய பக்கத்தில் நாமேதான் உட்கார்ந்திருக்கிறோம். சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். கையை நீட்டிக் காட்டாதீர்கள், அதுவும் மறைக்கும்.

வார்த்தைகள் ஒன்றிரண்டு போதும், முன்கூட்டியே வர வேண்டும். "விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்; பிரேக்கையோ ஆக்ஸிலரேட்டரையோ விட்டுவிடுவார்கள். நான் "அடுத்தது" என்பேன். முதல் சில சுற்றுகள் மெதுவாகப் போகட்டும், எதைப் பார்க்கிறேன் என்று அவர்களே வாய்விட்டுச் சொல்லட்டும். டிராக் ஓரத்தில் அடையாளத்துக்கு வைக்கும் கோன்களை மட்டும் நம்பிப் பழகினால் அதை எடுத்ததும் திணறிப்போவார்கள். தாரில் இருக்கும் ஒட்டு, ஓரக் கட்டை முடியும் இடம் என்று நகராத அடையாளங்களையும் காட்டுங்கள். நேர்ப்பாதையில் கொடி காட்டும் மார்ஷலையும் பின்கண்ணாடியையும் பார்க்கும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.

கரி டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான், வளைவுகள் அடுத்தடுத்து வரும். ஒரு வளைவின் வெளியேறும் இடமே அடுத்ததன் நுழைவு என்பதால் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. போவதற்கு முன் பையன்களைத் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குக் கூட்டிப்போங்கள். 18 கொண்டை ஊசி வளைவுகள். நீங்கள் நிதானமாக ஓட்டுங்கள், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் செய்யட்டும். மதுரை நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் ராத்திரி வேகம் பழகலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம். உயிருக்கே ஆபத்து, பார்வைக்கும் அங்கே எந்தப் பயிற்சியும் கிடைக்காது.

கண்ணாடி போடும் பையன் ஹெல்மெட்டை அதோடு சேர்த்து மாட்டிப் பார்த்த பிறகே டிராக்குக்கு வரட்டும். தடித்த ஃப்ரேம் கடைக்கண்ணை மறைக்கும், லென்ஸின் ஓரத்தில் பார்வையும் மங்கலாம். அவன் மற்றவனைவிடக் கூடுதலாகத் தலையைத் திருப்பியே ஆக வேண்டும். இதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.