கிரிக்கெட் இருக்க, ஏன் குத்துச்சண்டை? – கேள்வி பதில்

வடசென்னையில் ஒரு சின்னப் பயிற்சிக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் மாநில அளவில் ஆடியிருக்கிறேன். இந்த வாரம் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மாஸ்டர், ஐ.பி.எல்.லில் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள், கபடிக்குக்கூட ஏலம் வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் அடி வாங்குகிற விளையாட்டுக்குப் பிள்ளைகள் ஏன் வருகிறார்கள்?

ஐ.பி.எல்.லில் 10 அணிகள். ஓர் அணியில் 25 பேருக்கு மேல் கூடாது, அதில் 8 பேர் வரை வெளிநாட்டுக்காரர்கள். மொத்த நாட்டுக்கும் இருக்கிற இடம் அவ்வளவுதான். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளையும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறான். லெதர் பந்துக்குப் போகும்போதுதான் சிக்கல். மட்டை, பேடு, ஹெல்மெட், அகாடமி கட்டணம், மேட்ச் நடக்கும் ஊருக்குப் போய்வர பஸ் காசு என்று வரிசையாக வந்து நிற்கும். ஒரு நல்ல மட்டையின் விலையில் எங்கள் பிள்ளை கிளவுஸ், ஷூ, மவுத் கார்டு எல்லாம் வாங்கிவிடுவான். நிறையப் பேர் கிரிக்கெட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டு இங்கே வரவில்லை. அந்தக் கதவு அவர்களுக்குத் திறக்கவே இல்லை.

அப்புறம், வேலை. விஜேந்தர் சிங்கை எல்லோருக்கும் தெரியும், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். ஹரியானாவில் பிவானி பக்கத்துக் கிராமத்துக்காரர், அப்பா அரசு பஸ் டிரைவர். அவருடைய அண்ணன் மனோஜும் பாக்ஸர்தான். அண்ணனுக்கு பாக்ஸிங்கை வைத்து 1998-இல் ராணுவத்தில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் தம்பியின் பயிற்சி தொடர்ந்தது. இந்தக் கணக்கு எங்கள் ஏரியாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் புரியும். ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று ஒரு வேலை வாங்கிவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும். கோடி ரூபாய்க் கனவோடு வருகிற பையன் என்னிடம் அபூர்வம்.

சார், நான் கல்லூரி மாணவி. உயரம் 150 செ.மீ. வாலிபாலிலும் கூடைப்பந்திலும் பார்த்தவுடனே கழித்துவிட்டார்கள். பாக்ஸிங்கில் சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள், அம்மா. உங்களை மாதிரிப் பிள்ளைகளுக்காகவே எடைப் பிரிவு இருக்கிறது. உங்கள் எடையில் இருக்கிறவரோடுதான் மோதப் போகிறீர்கள்.

பிலிப்பைன்ஸில் தெருவுக்குத் தெரு கூடைப்பந்து வளையம் இருக்கும், அந்த நாட்டுக்கு அதுதான் உயிர். ஆனால் அவர்கள் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் மேனி பக்கியாவ், உயரம் 166 செ.மீ. அவருக்கும் கூடைப்பந்து மேல் கொள்ளை ஆசை. பின்னால் அந்நாட்டுத் தொழில்முறை லீக்கில் ஆடவும் செய்தார். சோறு போட்டது பாக்ஸிங்.

நம் மேரி கோமும் சின்ன உருவம்தான். ஓட்டம், ஈட்டி எறிதல் என்று ஆரம்பித்தவர். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் மணிப்பூரின் டிங்கோ சிங் தங்கம் வாங்கியதைப் பார்த்துதான் பாக்ஸிங் பக்கம் திரும்பினார். அவர் பெரும்பாலும் ஆடிவந்தது 48 கிலோ வரை உள்ள பிரிவுகளில். பெண்கள் பாக்ஸிங் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்த 2012 லண்டனில் இருந்தது மூன்றே பிரிவு, அதில் குறைந்ததே 51 கிலோ. எடை ஏற்றிக்கொண்டு போய், தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி வெண்கலம் வாங்கினார்.

எடை என்றதும் ஒரு காலை நினைவுக்கு வருகிறது. மாவட்டப் போட்டி, 48 கிலோவில் ஆட வேண்டிய பையன் முந்நூறு கிராம் கூடுதல். இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மாடிப்படியடியில் ஸ்கிப்பிங் ஆடினான். வியர்வை சொட்டி அவன் காலடியில் தரை ஈரமாகிவிட்டது. திரும்பி வந்து, உடுப்பையெல்லாம் களைந்து, கடைசியில் அரைஞாண் கயிற்றையும் அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினான். 47.9 காட்டியது. இறங்கியதும் ஒரு வாழைப்பழம் கேட்டான். உரிக்கக்கூட அவன் விரலில் தெம்பில்லை. அன்றோடு விட்டேன். வளர்கிற பிள்ளை யாரையும் இப்போது எடை இறக்க விடுவதில்லை, மேல் பிரிவில் ஆடச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, நான் கால்பந்து ஆடுகிறவன். தோற்றாலும் பதினொரு பேர் சேர்ந்து தோற்போம், அழுதால் தோளில் கைபோட ஆள் இருக்கும். தன்னந்தனியாக அத்தனை பேர் முன்னால் தோற்கப் பயமாக இருக்காதா?

இருக்கும், தம்பி. பயமில்லை என்று சொல்கிற பையனை நான் ரிங்கில் ஏற்றுவதில்லை.

ஆனால் சிலர் இங்கே வருவதே அந்தத் தனிமைக்காகத்தான். கால்பந்து அணியில் மூன்று வருடம் சப்ஸ்டிட்யூட்டாக உட்கார்ந்திருந்த ஒரு பையன் வந்து சேர்ந்தான். முதல் நாள் ஹேண்ட் ராப், அதாவது கிளவுஸுக்குள்ளே கையில் சுற்றும் துணிப்பட்டை, சுற்றக் கற்றுக்கொடுத்தேன். கட்டை விரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல்முட்டி மேல் மூன்று சுற்று, விரல் இடுக்குக்குள் விட்டு எடுத்து மறுபடி மணிக்கட்டுக்கு. அவிழ்ப்பான், சுற்றுவான், மறுபடி அவிழ்ப்பான். அரைமணி நேரம் ஆயிற்று. "மாஸ்டர், இதுல என்னை யாரும் உட்கார வைக்க முடியாதுல்ல?" என்று கேட்டான். மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, அந்த ஒன்பது நிமிடமும் முழுக்க உன்னுடையது, யாரும் உனக்குப் பந்து தராமல் இருக்க முடியாது என்றேன். முதல் இரண்டு பந்தயமும் தோற்றான். இன்னும் வருகிறான்.

தனிமை ரிங்குக்குள்ளே மட்டும்தான். ஓடுவது, ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டை போடுவது, ஒருவன் பேடு பிடிக்க இன்னொருவன் அடிப்பது எல்லாமே கூட்டாகத்தான். ஜோடி இல்லாமல் ஒருவனும் பாக்ஸர் ஆக முடியாது.

தொழில்முறை பாக்ஸிங்கில் ஒரே ராத்திரியில் பல நூறு கோடி சம்பாதிக்கிறார்களே?

சம்பாதிக்கிறார்கள். அது உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். கீழே இருக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். கிரிக்கெட்டில் மாநில அணிக்கு ஆடினாலே மேட்சுக்கு மேட்ச் சம்பளம் உண்டு. எங்களுக்கு அப்படி ஒரு நடுப்படி கிடையாது.

அமெரிக்காவின் டியான்டே வைல்டரின் கதையைப் பாருங்கள். அலபாமாக்காரர், கூடைப்பந்தும் அமெரிக்க ஃபுட்பாலும்தான் அவர் கனவு. மூத்த மகள் முதுகெலும்புக் குறையோடு பிறந்தாள். கல்லூரியை விட்டுவிட்டு வேலைக்குப் போனார், இருபது வயது வாக்கில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தார். மூன்றே ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2015-இல் ஹெவிவெயிட் உலகப் பட்டம். அணி விளையாட்டில் இருபது வயதில் ஆரம்பித்து இந்த உயரத்துக்குப் போவது நினைத்துப்பார்க்க முடியாத காரியம். ஆனால் அவர் ஆறடி ஏழு அங்குலம், கையில் இடி. அவரைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

நம் நாட்டில் நம்பக்கூடியது அரசு வேலையும் பதக்கத்துக்கான பரிசுத் தொகையும்தான். பாக்ஸர்கள் விஜேந்தர், லவ்லினா, நிகத் ஜரீன் மூவருக்குமே போலீசில் டி.எஸ்.பி. பதவி கிடைத்தது.

ஜட்ஜுகள் ஓரவஞ்சனை செய்வதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான், மறைக்க விரும்பவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுந்த புகார்களுக்குப் பிறகு அங்கே பணியாற்றிய 36 நடுவர்களையுமே ஒதுக்கிவைத்தார்கள். 2014 இஞ்சியான் ஆசியப் போட்டியில் நம் சரிதா தேவி அரையிறுதித் தீர்ப்பை ஏற்காமல், வெண்கலத்தை வாங்க மறுத்து மேடையிலேயே அழுததை இன்றும் என்னால் பார்க்க முடியாது. எதிர்ப்பைக் காட்டியதற்காக அவருக்குத்தான் ஓராண்டுத் தடை.

என் மகனுக்கு 13 வயது. சேர்க்கச் சொல்லி அடம்பிடிக்கிறான். தலையில் அடிபடுமே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை, ஐயா.

உங்கள் பயம் நியாயம், அம்மா. தலையில் வாங்குகிற அடி சேர்ந்துகொண்டே போகும். ஹெல்மெட் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலையடியால் நாக்-அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக்கூடாது என்பது விதி. உங்கள் மாஸ்டர் அதைக் கடைப்பிடிக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். தயங்குகிறார் என்றால் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என்னிடம் வருகிற பிள்ளை முதல் ஆறு மாதம் யாரையும் அடிக்க மாட்டான், அடி வாங்கவும் மாட்டான். கால்வைப்பு, ஸ்கிப்பிங், கண்ணாடி முன்னால் ஜாப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து. சலிப்பாக இருக்கும். அதைத் தாண்டியும் அவன் வந்தால் மேற்கொண்டு பேசுவோம்.

வடசென்னையில் மட்டும் எப்படி இது ஊன்றியது?

வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கைகள் அதை எடுத்துக்கொண்டன. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று 'பரம்பரை' எனப்படும் குத்துச்சண்டைக் குழுக்களாகப் பிரிந்து, கௌரவத்துக்காக மோதிக்கொண்டார்கள். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து கண்காட்சிப் பந்தயம் ஆடியதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் நம் சென்னையின் தேவராஜன் வெண்கலம் வென்றார். அப்பா ஆடினார், மாமா ஆடினார் என்று வருகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் கிரிக்கெட் இல்லை என்ற கேள்வியே விளங்காது.

எனக்கு வயது 27. தாமதமா?

ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் 40 வயது வரை ஆடலாம். பதக்கம் கஷ்டம், பாக்ஸர் ஆவது கஷ்டமில்லை. நாளைக்கே வரலாம்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு ஜோடி ஹேண்ட் ராப், நீளம் நாலரை மீட்டர் இருக்கட்டும். துண்டு, தண்ணீர் பாட்டில். கிளவுஸ் இப்போது வாங்க வேண்டாம், எங்களிடம் பழசு இருக்கிறது. காலை ஐந்தரைக்கு வந்துவிடுங்கள், ஓட்டம் முடிந்துதான் கதவைத் திறப்போம்.