அடிக்காமல், திட்டாமல் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்க முடியுமா?

அரங்கேற்றம் முடித்துவிட்டீர்கள், வீட்டு மாடியில் வகுப்பு ஆரம்பிக்கப் போகிறீர்கள். "தட்டுக்கழிக்குப் பயப்படாத பிள்ளைக்கு அடவு சுத்தம் வராது" என்று உங்கள் குரு சொல்லியிருக்கிறார். தட்டுக்கழி என்பது தாளம் தட்டும் மரக்கட்டை, அடவு என்பது நடனத்தின் அடிப்படை அசைவு. அன்பாகச் சொல்லிக்கொடுத்தால் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். திருச்சியில் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் நிலைதான் அரைமண்டி; என் பிள்ளைகளின் அரைமண்டியை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

குருமார்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். எனக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா கோபம் வந்தால் தட்டுக்கழியை வீசுவார். கணுக்கால் வீங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவர் கொடுத்த ஜதிகளை, அதாவது தாளத்துக்கான சொற்கோர்வைகளை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அவரை இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் அந்த வீக்கத்தால்தான் ஜதி வந்தது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே கோர்வையை இருட்டும் வரை சலிக்காமல் எங்களோடு சேர்ந்து சொன்னாரே, அதனால் வந்தது.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. ஏழாம் வகுப்பு படித்தாள், வேறொரு வகுப்பிலிருந்து என்னிடம் வந்தாள். "சரியான சோம்பேறி மிஸ், அரைமண்டியில உட்காரவே மாட்டா" என்று அவளை வைத்துக்கொண்டே அவள் அம்மா சொன்னார். சரி, தட்டடவு போடு என்றேன். காலைத் தரையில் தட்டிப் பழகும் முதல் அடவு அது. பாதங்களை இரண்டு பக்கமும் ஒரே கோடாகத் திருப்பி வைத்தாள். முழங்கால்களோ முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன, இடுப்பு பின்னால் தள்ளியிருந்தது. நாலு தட்டு தட்டியதும் எழுந்துவிட்டாள். நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பார்த்தேன். வலது முழங்கால் சில்லுக்குக் கீழே சின்னதாகப் புடைத்திருந்தது. விரலை வைத்ததும் முகம் சுளித்தாள்.

"எப்பவும் வலிக்குமா?"

"ஆமா மிஸ்."

"அங்க சொன்னியா?"

"சொன்னா நடிக்கிறேன்னு சொல்வாங்க."

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். வளரும் வயதில் ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் இப்படி வருவது உண்டு, வலி குறையும் வரை குதிப்பதும் ஓங்கித் தட்டுவதும் வேண்டாம் என்றார். வகுப்பை நிறுத்திவிடலாமா என்று அவள் அம்மா கேட்டார். வேண்டாம், என் பக்கத்தில் உட்காரட்டும் என்றேன். தட்டுக்கழியை அவள் கையில் கொடுத்தேன். மற்றவர்கள் ஆட, அவள் பலகையில் தட்டிக்கொண்டு அடவுக்கான தாளச் சொற்களான சொல்லுக்கட்டைச் சொன்னாள். வலி போனபிறகு பாதத்தைக் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இன்றைக்கு மூன்று வேகங்களில் மிக வேகமான மூன்றாம் காலத்தில் தாளம் பிசகாமல் ஆடுவதில் என் வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இதில் ஒரு விஷயம் ஆசிரியராகப் போகிற உங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அரைமண்டியில் கால் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து. அந்த மூட்டின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும், அதட்டி அதை மாற்ற முடியாது. இடுப்பு திரும்பாத பிள்ளையின் பாதத்தை மட்டும் நீங்கள் பிடித்துத் திருப்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் விழும். முழங்காலும் பாதத்தின் விரல்களும் ஒரே திசையைப் பார்க்கிற அளவுக்குத் திருப்பினால் போதும். மீதி, பயிற்சியில் எவ்வளவு வருமோ அவ்வளவு வரட்டும். கச்சேரியில் உருப்படிகள் வரும் வரிசையான மார்க்கத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களைச் சொல்கிறோம். அந்த மார்க்கத்தில் முதலில் வரும் அலாரிப்பைப் பாருங்கள். நின்றபடியே கண், கழுத்து, தோள், கை என்று தொடங்கி, அப்புறம்தான் மண்டிக்குப் போகிறது. உடம்பை இவ்வளவு பக்குவமாகத் திறக்கச் சொன்ன கலையில் வலிக்கிறது என்ற பிள்ளையை நடிக்கிறாள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டடவு மூன்று காலமும் நிற்காத பிள்ளைக்கு அடுத்ததான நாட்டடவு கொடுக்க மாட்டேன். ஒரு வருடத்தில் முதன்முதலாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜை, மூன்று வருடத்தில் அரங்கேற்றம் என்று கேட்டுவரும் பெற்றோரிடம் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். சிலர் பிள்ளையை அழைத்துக்கொண்டு போயும்விட்டார்கள். போகட்டும். ஆனால் குண்டு, கறுப்பு, பல்லு என்று எந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றியும் என் வகுப்பில் ஒரு வார்த்தை வராது. மேக்கப் போட வருபவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன், அவரவர் நிறத்துக்குத்தான் போட வேண்டும் என்று.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வகுப்பு ஆரம்பித்ததும் "உலக சாதனை" என்று போன் வரும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரு மைதானத்தில் நிறுத்தி ஒரே பாட்டுக்கு ஆட வைப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒரு சான்றிதழும் கேடயமும் கொடுப்பார்கள். அப்படி ஒன்றுக்கு நானும் பார்வையாளராகப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போர்த்தி, பேசி முடிக்கும் வரை பிள்ளைகள் வெறுங்காலோடு வெயிலில் நின்றார்கள். காலை மாற்றி மாற்றித் தூக்கிவைத்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்ணை அவளுடைய டீச்சரே "ஆடாம நில்லு" என்று அதட்டினார். அந்தச் சான்றிதழ் ஒரு பிள்ளைக்கும் தேவையில்லை. இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அரங்கேற்றம் செய்தது ஆடத் தெரியும் என்பதற்குத்தான் அத்தாட்சி. ஜதி சொல்லித் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்தைத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வாய் சொல்லுக்கட்டையும் கை தாளத்தையும் பார்த்துக்கொண்டால்தான் கண் பிள்ளைகளின் கால்மேல் இருக்கும். முறையான சான்றிதழ் வேண்டும் என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. உங்களுக்கு அது ஒத்துவருமா என்று நேரில் போய் விசாரியுங்கள்.

மாடியில் என்ன தரை என்று நீங்கள் எழுதவில்லை. சிமென்ட்டோ டைல்ஸோ என்றால் மரத்தரை போட வசதி வரும் வரை ஓங்கித் தட்டுவதை அளவாக வையுங்கள். முதல் இரண்டு காலத்தில் மெதுவாகத் தட்டி அடவைப் பழக்கலாம், மூன்றாம் காலத்தை வாயால் சொல்லிக் கையால் தாளம் போடச் சொல்லலாம். குதிகாலோ முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்போ வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கு அவளை உட்கார வைத்துவிடுங்கள்.