ஒப்பிக்கிறாள், வாசிக்க வரவில்லை

அக்கா, தரம் 2 படிக்கும் மகள் தமிழ்ப் பாடத்தை மடமடவென்று ஒப்பிக்கிறாள், ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் முழிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். என் மகனும் அப்படித்தான் இருந்தான். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வரவே இருட்டிவிடுகிறது என்கிறீர்கள். சரி, பத்து நிமிடம் போதும். பாடத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

பெரும்பாலும் கொம்பில்தான் சிக்கும். ‘கொழுந்து’ என்பதில் கொம்பு (ெ) முன்னால், கால் (ா) பின்னால், ஒலியோ ஒன்றுதான். என் மகன் அந்தக் காலை விட்டுவிட்டு ‘கெழுந்து’ என்பான். கொப்பியில் கெ, கே, கொ, கோ நான்கையும் பெரிதாக எழுதி, விரல் வைத்துச் சொல்ல வைத்தேன். அப்புறம் ஹட்டன் பஸ் பலகை, தேயிலைப் பக்கெட், கண்ணில் பட்டதெல்லாம் வாசிப்புதான்.

புலமைப்பரிசில் டியூஷனுக்கு இப்போதே அனுப்பவா என்றும் கேட்டிருந்தீர்கள். அது தரம் 5 பரீட்சை, இப்போதைக்கு விடுங்கள். டீச்சரிடம் மட்டும் ஒருமுறை பேசிவிடுங்கள்.