வாசகர் கேள்வி பதில்: காமே திராட்சையும் போஜொலே மலைச்சரிவும்

சென்ற இதழில் பிரெஞ்சு சிவப்பு ஒயின்களைப் பற்றி எழுதியபோது, பர்கண்டிக்குத் தெற்கே போஜொலே பகுதியில் விளையும் காமே திராட்சையை ஒரே பத்தியில் கடந்துவிட்டேன். கடிதங்கள் பெரும்பாலும் அந்தப் பத்தியைப் பற்றியே வந்திருக்கின்றன. மகிழ்ச்சி. ஓட்டலில் ஒயின் பரிமாறும் வேலையில் இருந்த காலத்திலிருந்தே என் மனதுக்கு மிகவும் நெருக்கமான திராட்சை அது.

வாசகி, பெசன்ட் நகர்: லியோனில் படிக்கும் என் மகன் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு 'போஜொலே நூவோ' என்ற ஒயினைக் கொண்டுவந்தான். எங்கள் திருமண வெள்ளி விழாவுக்குத் திறக்கலாம் என்று அலமாரியில் வைத்திருக்கிறோம். நாள் ஆக ஆக ஒயினுக்கு ருசி கூடும் அல்லவா?

எல்லா ஒயினுக்கும் அல்ல, நூவோவுக்கு நிச்சயமாக இல்லை. செப்டம்பரில் பறித்த பழத்தை நவம்பரில் கடைக்குக் கொண்டுவரும் ஒயின் அது. அடுத்த கோடைக்குள் குடித்து முடிப்பதற்காகவே தயாரிக்கிறார்கள். நான்கு சென்னைக் கோடைகளை அலமாரியில் கழித்த பாட்டிலில் பழத்தின் மணம் மிஞ்சியிருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்து பாருங்கள். காடியாக மாறியிருக்கவில்லை என்றால் ஆட்டிறைச்சி ஸ்டூவில் ஊற்றிக் கொதிக்க விடலாம். விழாவுக்கு வேறு பாட்டில் சொல்கிறேன்.

அறுவடை முடிந்ததும் புது ஒயினைக் குடித்துக் கொண்டாடுவது அந்த ஊர்களின் பழைய வழக்கம். லியோன் நகரத்து உணவகங்களுக்குப் பீப்பாய்களில் அது போய்க்கொண்டிருந்தது. 1951-ல் அதை மற்ற ஒயின்களுக்கு முன்கூட்டியே விற்க அரசு அனுமதி கொடுத்தது. 1985 முதல் நவம்பர் மாத மூன்றாவது வியாழக்கிழமைதான் விற்பனை நாள் என்று வகுத்தார்கள். ஜார்ஜ் தியுபெஃப் என்ற வணிகர் அந்த நாளை உலகத் திருவிழாவாக ஆக்கினார். டோக்கியோ வரைக்கும் விமானத்தில் பறந்தது நூவோ. அவர் 2020 ஜனவரியில் காலமானார். சிறு விவசாயிகளிடம் கொள்முதல் செய்து அவர்களுக்கு உடனடியாகப் பணம் கிடைக்க வழி செய்தவர் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் பணம் ஒரு விலையையும் கேட்டது. காமே என்றாலே நவம்பரில் வரும் இலேசான ஒயின் என்று உலகம் முடிவுகட்டிவிட்டது. திருவிழா ஓய்ந்தபோது, 2001-ஆம் ஆண்டு அறுவடையில் விற்காமல் தேங்கிய ஒயினைப் பெருமளவில் காய்ச்சி வடிக்க அனுப்பினார்கள். வருடம் முழுவதும் குனிந்து உழைத்தவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது?

விழாவுக்கு மகனிடம் 'மூலன் அ வான்' அல்லது 'மோர்கோன்' கேளுங்கள். இரண்டும் அதே காமேதான், அதே போஜொலேதான். நல்ல வருடத்து ஒயின் என்றால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் தாங்கும். விழா வரை குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள்.

வாசகர், திருவல்லிக்கேணி: ஒரு பிரபு இந்தக் கொடியையே தடை செய்தார் என்று எழுதியிருந்தீர்கள். செடிமீது அப்படி என்ன கோபம்?

1395-ல் பர்கண்டியின் பிரபு பிலிப் போட்ட ஆணை அது. காமே கெட்ட கொடி, மனித உடலுக்குத் தீங்கானது, வேரோடு பிடுங்குங்கள் என்று உத்தரவிட்டார். அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்புதான் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியிருந்தது. தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. அங்கே பெயர்பெற்ற பினோ நுவார் திராட்சைக்குக் கவனிப்பு அதிகம், விளைச்சல் குறைவு. காமே அதைவிட முன்னதாகப் பழுக்கும், கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பிழைக்க வழி தேடிய குடியானவன் எதை நடுவான்? பர்கண்டி ஒயினின் பெயர் கெட்டுவிடும் என்பது பிரபுவின் கவலை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது குடியானவனின் கவலை. நான் குடியானவன் பக்கம்தான்.

1999-ல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, பிரபு உயர்த்திப் பிடித்த பினோ நுவார்தான் காமேயின் பெற்றோரில் ஒன்று என்று காட்டியது. இன்னொன்று குவே ப்ளான் என்ற சாதாரண வெள்ளைத் திராட்சை. உலகம் கொண்டாடும் ஷார்டனே திராட்சைக்கும் அதே பெற்றோர்தான்.

பிரபுவின் அதிகாரம் எட்டாத போஜொலே தனிச் சிற்றரசாக இருந்தது. அங்கே சத்துக் குறைந்த கருங்கல் மண். அதில் காமே கண்டபடி காய்க்காமல் அடங்கிக் காய்க்கிறது, பழத்தில் சாரம் சேர்கிறது. பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் அதற்கு வாய்க்காத பெருமை இங்கே வாய்த்தது.

வாசகர், வளசரவாக்கம்: என் பூர்வீகம் கம்பம். எங்கள் பன்னீர் திராட்சையும் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்ததுதான் என்று சொல்வார்கள். போஜொலேயிலும் பந்தல் போட்டுத்தான் வளர்க்கிறார்களா? அங்கே குத்தகை, வாரம் எல்லாம் உண்டா?

1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். போஜொலேயில் வருடத்துக்கு ஒரே அறுவடை. ஏப்ரல் உறைபனியோ ஜூலை ஆலங்கட்டி மழையோ வந்தால் அந்த வருடமே போய்விடும். 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஃப்ளூரி கிராமத்தில் ஆலங்கட்டி தோட்டங்களை அடித்துத் துவைத்தது.

பந்தல் கிடையாது. பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடியையும் தனித்தனியாக, இடுப்புக்கும் கீழான உயரத்தில், கிண்ணம்போல் மேலே விரியும்படி கவாத்து செய்கிறார்கள். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடிகள் வரை நெருக்கமாக நிற்கும். வில்லியே மோர்கோன் கிராமத்தில் ஒரு அறுவடையில் கூலியாட்களோடு வரிசையில் நின்றிருக்கிறேன். முழங்காலை மடக்கி, இலையை ஒதுக்கி, அடித்தண்டோடு ஒட்டிக்கிடக்கும் கொத்தைக் கத்தரிக்கோலால் அறுக்க வேண்டும். சரிவில் மண் உதிரிக் கல்லாக நழுவும். பந்தலுக்குக் கீழே நிமிர்ந்து நின்று பறித்துப் பழகிய உங்கள் ஊர் ஆட்களுக்கு முதல் நாளே முதுகு பிடித்துக்கொள்ளும். எண்பது, நூறு வயதுக் கொடிகள் அங்கே சாதாரணம். அடித்தண்டு முறுக்கிக் கருத்திருக்கும். அந்த வயதில் காய்ப்பு குறைவு, ஆனால் தேர்ந்த விவசாயிகள் அவற்றைத்தான் பொத்திப் பொத்திக் காக்கிறார்கள்.

வாரம் உண்டு, அதுவும் நம் ஊர் பாதி வாரம்போலவே. நிலமும் வீடும் உடையவருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. பல தலைமுறையாகப் போஜொலே இப்படித்தான் இயங்கியது. இன்று பெயர்பெற்ற சில குடும்பங்களின் தாத்தாக்கள் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள்தான்.

19-ஆம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி தாக்கிக் கொடிகள் மடிந்தபோது, அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டுவதே வழி என்று எடுத்துச் சொல்லிப் பாடுபட்டவர்களில் ஒருவர் விக்தோர் புலியா. ஷிரூப்ல் கிராமத்துக்காரர். அந்த ஊர்ச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பயிர் நோயோடு போராடியவருக்குச் சிலை வைத்த ஊரை எனக்குப் பிடிக்கும்.

வாசகர், மயிலாப்பூர்: குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் மதுவைப் பற்றி எழுதலாமா?

குடிக்காதவர்கள் குடிக்கத் தொடங்க வேண்டும் என்று ஒரு வரிகூட நான் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். நம் மாநிலத்தில் குடியால் சிதைந்த வீடுகளை எனக்கு நேரில் தெரியும். ஆனால் இது ஒரு விவசாயப் பொருள். மண், மழை, கடன், கூலி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வாசகர், தாம்பரம்: தினம் ஒரு கோப்பை சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?

மருந்தாக நினைத்து ஒரு சொட்டும் வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வாசகி, நுங்கம்பாக்கம்: பிரெஞ்சு வகுப்பில் 'இயற்கை ஒயின்' என்ற பேச்சு வந்தது. அது போஜொலேயில் பிறந்தது என்றார்கள். உண்மையா?

பெருமளவுக்கு உண்மை. முதலில் அங்கே ஒயின் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் பழத்தைக் காம்பிலிருந்து உதிர்த்து நசுக்குவார்கள். போஜொலேயில் கொத்தை முழுசாகத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். அடியில் இருப்பது பாரத்தில் நசுங்கிப் புளிக்கத் தொடங்கும். அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிறைக்கும். மேலே இருக்கும் பழங்கள், காற்றுப் படாமல், தோல் கிழியாமலேயே தமக்குள் நொதிக்கும்.

நான்காம் நாள் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் பறித்தபோது இருந்த அதே கருநீலம், தோல் மட்டும் சற்றுத் தளர்ந்திருந்தது. கடித்தால் உள்ளே சதை இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. நாக்கில் சோடாவின் சுறுசுறுப்பு, பிறகு இனிப்பு, பிறகு மெல்லிய புளிப்பு. துவர்ப்பே இல்லை. காமே ஒயினின் குணம் முழுவதும் அந்த ஒரு பழத்தில் இருந்தது. இந்த முறையை அவசரமாகச் செய்து, கடையில் வாங்கிய ஈஸ்டையும் சேர்த்தால், ரஸ்தாளி வாழைப்பழ மணம் தூக்கலாக வரும். நூவோவில் அடிக்கடி வருவது அதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் களைக்கொல்லியும் ரசாயன உரமும் அந்தச் சரிவுகளில் கொட்டப்பட்டன. அப்போது மாற்றுக் குரல் கொடுத்தவர் ஜூல் ஷோவே. ஒயின் வணிகர், வேதியியல் கற்றவர், 1989-ல் மறைந்தார். பழம் ஆரோக்கியமாக இருந்தால் அதன் தோலில் இருக்கும் ஈஸ்டே போதும், ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகம் நொதிக்கும்போது வேண்டாம், தொட்டி குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றார். இயற்கை ஒயின் என்பதன் அடிப்படை இதுதான். வில்லியே மோர்கோனின் மார்செல் லாபியேர் அவரிடம் பாடம் கேட்டுத் தன் தோட்டத்தில் செய்து காட்டினார். ஜான் ஃபொய்யார், கீ பிரெத்தோன், ஜான் போல் தெவ்னே என்று பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். களைக்கொல்லியை நிறுத்தினார்கள், அழுகிய பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார்கள். விளைச்சல் குறைந்தது, வேலை கூடியது. ஊர் சந்தேகத்தோடு பார்த்தது. லாபியேர் 2010-ல் காலமானார். மகனும் மகளும் அந்தத் தோட்டத்தை நடத்துகிறார்கள்.

கந்தகமே சேர்க்காத எல்லா ஒயினும் நல்ல ஒயின் என்று நான் சொல்லமாட்டேன். சோம்பேறித்தனத்தை இயற்கை என்ற பெயரில் விற்பவர்களும் உண்டு. சென்னை வெயிலில் அந்த வகைப் பாட்டில் விரைவில் கெடும். லாபியேரும் நண்பர்களும் செய்தது அதற்கு நேர்மாறான காரியம். மருந்து போட்டு மறைக்க வேண்டிய குறையே பழத்தில் இருக்கக்கூடாது என்று தோட்டத்தில் பாடுபட்டார்கள்.

வாசகர், ராயபுரம்: மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்கிறார்கள். எங்கள் வீட்டு வஞ்சிரம் வறுவலுக்குக் காமே சேருமா?

மிக நன்றாகச் சேரும். மீனோடு உரசுவது சிவப்பு ஒயினின் துவர்ப்பு. காமேயில் அது குறைவு. மிளகாய்க் காரத்தைத் துவர்ப்பும் அதிக ஆல்கஹாலும் தூண்டிவிடும் என்பதால், கனமான சிவப்பு ஒயின்கள் நம் சாப்பாட்டோடு வாயை எரிய வைக்கின்றன. காமேயின் புளிப்பு புளிக்குழம்புக்கும் ஈடுகொடுக்கும். மிளகுக் கோழி, எண்ணெய்க் கத்திரிக்காய், சேனைக்கிழங்கு வறுவல், காளான் மிளகுப் பிரட்டல் எல்லாவற்றோடும் பரிமாறிப் பார்த்திருக்கிறேன். தேங்காய்ப்பால் தூக்கலான குழம்போடு மட்டும் அவ்வளவாக ஒட்டுவதில்லை.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்கு உரியது. நம் ஊரில் அதைக் கேட்டு நடந்தால் கஷாயம் போலாகிவிடும். காமேக்கு 13 டிகிரி போதும். ஐஸ் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் பாட்டிலை நிறுத்தி வையுங்கள்.

வாசகி, முகப்பேர்: மே மாதம் லியோன் போகிறேன். ஒருநாள்தான் நேரம் இருக்கிறது. எந்த ஊர், எந்தப் பாட்டில்?

காலையில் லியோனிலிருந்து பெல்வில் நிலையத்துக்கு ரயில் ஏறுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து டாக்சியில் முதலில் ப்ரூயி மலைக்குப் போங்கள். 1850-களில் சாம்பல் நோய் கொடிகளை அழித்தபோது விவசாயிகள் நேர்ந்துகொண்டு கட்டிய மாதா கோயில் உச்சியில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள் முழுவதும் தெரியும். பிறகு வில்லியே மோர்கோன், நேரம் இருந்தால் ஃப்ளூரி. தோட்டக்காரர்களின் வீட்டுக்குச் சொல்லாமல் போகாதீர்கள். மே மாதம் தளிர் கிள்ளும் வேலை மும்முரம். முன்கூட்டிக் கடிதம் எழுதினால் பலரும் நேரம் ஒதுக்குவார்கள்.

போஜொலேயின் பத்துச் சிறப்புப் பகுதிகளின் ஒயின் லேபிளில் 'போஜொலே' என்ற பெயரே இல்லாமலும் இருக்கலாம். மோர்கோன், ஃப்ளூரி, ஜூலியேனா, ஷேனா என்று ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்ததா என்று கேட்டு, விவசாயியின் பெயர் போட்டதை வாங்குங்கள்.

சுங்க வரி இல்லாமல் இரண்டு லிட்டர் கொண்டுவரலாம், அதாவது இரண்டு பாட்டில். ஒன்று இந்த வருடமே குடிக்க ஃப்ளூரி, இன்னொன்று பொறுத்திருந்து திறக்க மோர்கோன். இரண்டையும் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.