காண்ட், ஹெகல், ஹைடெக்கர்: உரைநூலோடு படிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: மேடம், ஜெர்மன் தத்துவஞானி காண்டின் 'தூய பகுத்தறிவு விமர்சனம்' நூலில் இருபது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. முதலில் ஒரு உரைநூலை முடித்துவிட்டு மூலத்துக்கு வரலாமா?

வேண்டாம். அப்படிச் செய்தால் உரைகாரர் காட்டியது மட்டும்தான் மூலத்தில் உங்கள் கண்ணில் படும். ஒரு பத்தியை இரண்டு தடவை படியுங்கள். புரிந்ததை மூன்று வரியில் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். தடுக்கிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் உரையைத் திறந்து அந்த இடத்துக்கு மட்டும் விடை தேடுங்கள். பிறகு அதே பத்திக்குத் திரும்ப வேண்டும். பலரும் இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

முன்னோட்டமாக ஏதாவது வேண்டுமென்றால் காண்டே 1783இல் எழுதிய 'புரோலெகோமெனா' இருக்கிறது. சின்ன நூல்தான். தன் பெரிய நூலைப் பலர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவரே எழுதிய விளக்கம் அது.

கேள்வி: உரைகளில் 'ஏ 51, பி 75' என்று வருகிறதே, அது என்ன?

'ஏ' என்பது 1781இல் வந்த முதல் பதிப்பின் பக்கம், 'பி' என்பது 1787இல் வந்த இரண்டாம் பதிப்பின் பக்கம். நல்ல மொழிபெயர்ப்புகளில் ஓரத்திலேயே போட்டிருப்பார்கள். இதைக் கவனிக்காவிட்டால் பெரிய குழப்பம் வரும். நம் அடிப்படைக் கருத்துகள் அனுபவத்துக்குப் பொருந்தும் என்று நிறுவுகிற, நூலிலேயே கடினமான 'டிடக்ஷன்' பகுதியை காண்ட் இரண்டாம் பதிப்பில் முழுக்கத் திருத்தி எழுதினார். உரைகாரர் எந்தப் பதிப்பைப் பேசுகிறார் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: அக்கா, காண்ட் சொல்கிற 'இன்டியூஷன்' நம்முடைய உள்ளுணர்வுதானே?

இல்லை தம்பி. இந்த ஒரு சொல்லை ஒழுங்காகப் பிடித்தால் பாதித் தடை விலகும். ஜெர்மனில் அவர் எழுதிய சொல் 'அன்ஷாவுங்'. அதற்குள் 'ஷாவென்' இருக்கிறது, பார்த்தல் என்று பொருள். எதையும் எப்படி அறிகிறோம் என்று பேசும் நம் அளவை நூல்களில், புலன்களால் நேரே அறிவதைக் குறிக்கும் 'காட்சி' இதற்கு எவ்வளவோ கிட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இன்டியூஷன்' என்று மொழிபெயர்த்தவர்களையும் குறை சொல்ல முடியாது. 'இன்டுயிடுஸ்' என்ற லத்தீன் சொல்லை காண்டே ஓரிடத்தில் தருகிறார்.

நீங்கள் கேட்ட அதே ஏ 51, பி 75 பக்கத்தில் ஒரு புகழ்பெற்ற வரி உண்டு. உள்ளடக்கமில்லாத சிந்தனை வெறுமை, கருத்தில்லாத காட்சி குருடு. இதில் 'உள்ளுணர்வு குருடு' என்று போட்டுப் பாருங்கள், மனம் சொல்வதை நம்பாதே என்கிற புத்திமதியாகிவிடும். 'காட்சி குருடு' என்றால்தான் அந்த விசித்திரம் தெரிகிறது: கண் பார்க்கிறது, ஆனால் பார்த்தது இன்னதென்று தெரியவில்லை. காண்டின் தர்க்க விரிவுரையில் ஒரு உதாரணம் வருகிறது. வீடு என்றால் என்னவென்றே அறியாத ஒருவர் தூரத்தில் ஒரு வீட்டைப் பார்க்கிறார். நமக்குத் தெரிகிற அதே பொருள்தான் அவருக்கும் தெரிகிறது. அவரிடம் காட்சி இருக்கிறது, 'வீடு' என்ற கருத்து இல்லை.

ஆனால் 'காட்சி' எல்லா இடத்துக்கும் போதாது. வெளியும் (இடமும்) காலமும்கூட 'தூய' அன்ஷாவுங், அதாவது புலன் அனுபவம் கலக்காதது என்கிறார் காண்ட். அங்கே கண்ணுக்கு வேலையே இல்லை. அந்த இடத்தில் உரையில்லாமல் நகர முடியாது.

கேள்வி: இரண்டு உரைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் யாரை நம்புவது?

முரண்பட்டால் நல்லது என்பேன். கெம்ப் ஸ்மித் 1918இல் எழுதிய உரையில், காண்ட் பல வருடக் குறிப்புகளை ஒட்டுப்போட்டு நூலாக்கினார், அதனால்தான் முரண்கள் என்றார். பேட்டன் 1936இல் அதை மறுத்து, ஒரே ஓட்டமான வாதமாகவே படித்துக் காட்டினார். பன்னிரண்டு வருடம் யோசித்ததை நாலைந்து மாதத்தில் எழுதி முடித்ததாகத் தத்துவஞானி மெண்டல்சோனுக்குக் காண்டே கடிதம் எழுதியிருக்கிறார், அதனால் ஒட்டுப்போட்டாரோ என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. ஆனாலும் நான் பேட்டன் பக்கம். புரியாத இடத்தையெல்லாம் 'ஒட்டு' என்று சொல்லிவிட்டால் யோசிக்கிற வேலை அங்கேயே நின்றுபோகும். நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கும் சொல்லை எடுத்து எங்கோ பொருத்திப் பொருள் சொல்லும்போது நமக்கு ஒரு தயக்கம் வருமே, அதே தயக்கம் இங்கேயும் இருக்கட்டும்.

காண்ட் சொல்கிற 'தன்னில் உள்ள பொருள்', அதாவது நமக்குத் தோன்றுகிற விதத்தைச் சாராமல் கருதப்படும் பொருள், பற்றியும் உரைகாரர்களுக்குள் இப்படி ஒரு சண்டை உண்டு. தோற்றமும் அதுவும் ஒரே பொருளைக் கருதும் இரண்டு விதங்கள் என்கிறார் ஆலிசன் (1983). கையர் (1987) அதை ஏற்கவில்லை. ஒருவரை மட்டும் படித்தால் அவர் முடிவையே காண்டின் முடிவு என்று நினைத்துக்கொள்வோம்.

கேள்வி: ஹெகலைப் படிக்கக் கோஜேவின் உரை போதுமா?

போதாது. ஹெகலின் 'ஆவியின் தோற்றவியல்' நூலைப் பற்றி 1933 முதல் 1939 வரை பாரிசில் அவர் நடத்திய வகுப்புகள் அருமையானவை. ஆனால் அங்கீகாரத்துக்காக இருவர் மோதுகிற ஆண்டான், அடிமை பகுதியையே அவர் முழு நூலுக்கும் சாவியாக்கிவிட்டார். 1807இல் வந்த அந்த நூலின் மில்லர் ஆங்கில மொழிபெயர்ப்பில் 808 பத்திகள். அதில் இந்தப் பகுதி 178 முதல் 196 வரைதான். வரிசையாகக் கூட்டிப்போக இப்போலித் இருக்கிறார், அந்த நூலை முதலில் பிரெஞ்சில் மொழிபெயர்த்துவிட்டு 1946இல் உரை எழுதியவர். பத்தி பத்தியாக வேண்டுமென்றால் ஹாரிஸின் இரண்டு தொகுதிகள் (1997).

கேள்வி: ஹைடெக்கரைப் படிக்க டிரைஃபஸின் உரையோடு தொடங்கலாமா?

சரி, தொடங்கலாம். ஆனால் 1991இல் வந்த அந்த உரை 'இருப்பும் காலமும்' நூலின் முதல் பகுதிக்குத்தான். மரணமும் காலமும் வருகிற இரண்டாம் பகுதிக்கு அதில் பின்னிணைப்பு மட்டுமே உண்டு. அதற்கு வேறொரு உரையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.